கை தட்டாதீங்க

சின்னவள் வென்றது எதுவும் அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. ஒரு டிரைவரிடமிருந்து பிடுங்கிய வேலையை, பிடுங்கியவர்கள் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்தாள். கூரை தீப்பிடித்தாலும் ஒரு போனை மட்டும் அணைக்கக் கூடாது என்று ஓர் அலுவலகத்துக்கு விதி கொண்டுவந்தாள். நாற்காலியில் சாய்ந்தே பழகிய பெரிய மனிதர்களை, குப்புறக் கிடந்த ஒரு மனிதரின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார வைத்தாள். பட்டப்படிப்பு இல்லாதவளுக்கு, வாய் ஜாஸ்தியானவளுக்கு அந்த இடமா என்று இரண்டு பேர் எழுந்து நின்று கேட்ட பிறகும் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் முதலில், ஓர் அறையில் கைதட்டலை நிறுத்தினாள். சொல்லக் கேட்டால் சின்ன விஷயம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ‘நிர்வாகத்தில் சில நல்ல மாற்றங்கள் நிகழ்ந்தன’ என்று ஒரு வரி இருக்கிறது. மாற்றம் என்ன மழையா, தானாகப் பெய்ய? யாராவது ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினால்தான் நிகழும்.

வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டு இருவரையும் வளர்த்தாள். பெரியவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். தங்கை படிக்கட்டும் என்று படிப்பைத் தியாகம் செய்தவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது பொய். அவளுக்குக் கணக்கு வரவில்லை, நின்றுவிட்டாள். தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகு அதே கணக்கு விரல்நுனிக்கு வந்து சேர்ந்தது வேறு விஷயம். ஒரு நூல் கோணினாலும் பிரித்துத் தைப்பாள்.

சின்னவள் பள்ளிக்கூடத்தை முடித்தாள். மூக்குமேல் கோபம் என்று சிலரைச் சொல்வார்கள்; சின்னவளுக்கு மூக்கே கோபம்தான். ஒருமுறை வீட்டுக்காரர் மின்சாரச் செலவு என்று சொல்லி மாடிப்படி விளக்கைக் கழற்றிவிட்டார். கேட்டுப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், அசையவில்லை. இருட்ட ஆரம்பித்ததும் சின்னவள் ஓர் அலுமினியப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய், அவர் வாசலுக்கு நேராகப் படியில் உருட்டிவிட்டு, “ஐயோ, விழுந்துட்டேனே!” என்று அலறினாள். மறுநாளும் அலறினாள். அதற்கு மறுநாள் விளக்கு வந்தது.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு தொண்டு நிறுவனம். படுக்கையில் விழுந்தவர்களுக்கு வீட்டில் என்னென்ன வேண்டுமோ, இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காற்று மெத்தை, எல்லாவற்றையும் இரவலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சின்னவளுக்கு முதல் வேலை பின்கட்டில், திரும்பி வரும் சாமான்களைக் கழுவுவது. சக்கர நாற்காலி திரும்பி வருகிறதென்றால் அதில் உட்கார்ந்தவர் இனி வரமாட்டார் என்று பெரும்பாலும் அர்த்தம். அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும் தலைமுடியை ஊசியால் ஒவ்வோர் இழையாக எடுப்பாள். எடுக்கும்போது வாய்க்குள் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலை கற்றாள். பிறகு அப்படிப் போகிறவர்களுக்கெல்லாம் ஒருங்கிணைப்பாளர் ஆனாள். அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவள் என்று நிறுவனத்தில் அவளை விருந்தினர்களுக்குக் காட்டுவார்கள், புதிதாக வாங்கிய அலமாரியைக் காட்டுவதுபோல.

காட்டுகிறவர் இயக்குநர். அவர் இல்லாத நேரத்தில் எல்லோரும் அவரை மைக் சார் என்பார்கள். இரண்டு பேர் இருந்தாலும் ஒலிபெருக்கி வைத்தாற்போலத்தான் பேசுவார். அவர் திருடர் இல்லை, சோம்பேறியும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போகிறவர். தன் குரல் தன் காதில் விழுவதில் அவருக்கு ஒரு மயக்கம் உண்டு, அவ்வளவுதான். அதனால் இன்னொருவர் குரல் விழ அங்கே இடம் கொஞ்சம் குறைவு.

அவர் கொண்டுவந்த வழக்கம்தான் ‘வட்டம்’. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தவறு, தான் செய்ததை, தானே சொல்ல வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘இங்கே பழி இல்லை, பாடம் மட்டுமே.’ ஒருவர் தவறைச் சொல்லி முடித்ததும் அவருடைய தைரியத்துக்காக எல்லோரும் மூன்று முறை கைதட்டுவார்கள். கணக்கு பார்க்கும் பெண், ஊன்றுகோலின் உயரத்தை மாற்றி எழுதிவிட்டேன் என்பாள். தட், தட், தட். காவலாளி, கேட்டைப் பூட்ட மறந்தேன் என்பார். தட், தட், தட். கடைசியில் மைக் சார் கண்ணை மூடித் திறந்து, “நான் செஞ்ச தவறு... உங்க எல்லாரையும் அளவுக்கு மீறி நம்பிட்டேன்” என்பார். அதற்கும் தட், தட், தட்.

சின்னவளும் தட்டினாள். ஒரு மாதம்கூட விடாமல் தட்டினாள். அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழும்போது மனசு லேசாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னதுகூட உண்டு.

அப்போது அவள் கட்டுப்போட்டுவந்த நோயாளிகளில் ஒருவர் மேஸ்திரி. கட்டட வேலை. சாரம் உடைந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. படுத்தே கிடந்ததில் இடுப்பெலும்புக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். சின்னவள் மாதக்கணக்கில் அந்தப் புண்ணோடு மல்லுக்கட்டினாள். நிறுவனம் அவருக்கு ஒரு காற்று மெத்தை கொடுத்திருந்தது. அதன் மோட்டார் இரவு பகலாக மெத்தையின் ஒரு பக்கம் காற்றை ஏற்றி இன்னொரு பக்கம் இறக்கிக்கொண்டே இருக்கும். அசைய முடியாத உடம்பை அந்த மெத்தை அசைக்கும். கடைசியில் புண் மூடியது. ரோஜா நிறத்தில் புதுத் தோல் வந்தது. அடுத்த மாதம் சக்கர நாற்காலியில் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“முதல்ல தெருமுனை டீக்கடைக்குப் போகணும் பாப்பா” என்றார் மேஸ்திரி. “நான் செத்துட்டேன்னு ஒருத்தன் அங்க சொல்லிக்கிட்டுத் திரியறானாம். அவன் முன்னாடி போய் நிக்கணும்.”

“எங்க நிக்கிறது? உக்காருங்க, போதும்.”

“சரி, உக்காந்துக்கிட்டே முறைக்கிறேன்.”

அந்த மாதத்தில்தான் பயிற்சி நாள் வந்தது. ஊரைவிட்டுத் தள்ளி, புல்வெளி வைத்த ஒரு பெரிய கூடத்தில் எல்லோருக்கும் நாள் முழுக்கப் பயிற்சி. தலைப்பு, ‘செவிகொடுக்கும் தலைமை.’ வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா முதல் வேலையாக ஒரு மூங்கில் கூடையை எடுத்து, பக்கத்திலிருந்த சின்னவள் கையில் கொடுத்தார். எல்லோருடைய போனையும் அணைத்து இதில் போட வேண்டும். கவனம் சிதறாமல் கேட்கப் பழக வேண்டும்.

கூடை சுற்றி வந்தது. டிரைவரிடம் வந்ததும் நின்றது. அவருக்குப் பெயர் ஸ்டெப்னி. எதற்கும் இன்னொன்று கையில் வைத்திருப்பார்: இன்னொரு ஸ்க்ரூடிரைவர், இன்னொரு பேட்டரி, இன்னொரு சட்டை. அதிகம் பேசாத மனிதர். நோயாளிகள் எந்நேரமும் கூப்பிடலாம் என்று கொடுத்திருந்த எண், டூட்டி போன், அன்று அவரிடம் இருந்தது.

“என்னோடதைப் போட்டுட்டேன். இது டூட்டி போன்ங்க. இதை அணைக்கக் கூடாது.”

பயிற்சியாளர் அம்மா சிரித்தார். “ஒரு நாள் போன் இல்லேன்னா உலகம் இடிஞ்சுடுமா?”

கூடமே சிரித்தது. மைக் சார் அதற்கு மேலே போனார். “நம்ம ஸ்டெப்னி எடுக்கலேன்னா ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு ஓடாது! போடுங்க, போடுங்க. இன்னிக்கு நாம முழு மனசோட கேக்கப் போறோம்.”

ஸ்டெப்னி அப்போதும் கொடுக்கவில்லை. சின்னவளைப் பார்த்தார். அவள் கூடையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

“போடுங்கண்ணே. எல்லாரும் காத்திருக்காங்க.”

போட்டார். கூடையைக் கொண்டுபோய்ப் பக்கத்து அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பேச ஒருவர் குறுக்கிடாமல் கேட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டார்கள். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டார்கள். ஓர் ஊரே சேர்ந்து காதைப் பூட்டிவைத்துவிட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டதை எங்கே போய்ச் சொல்ல!

அன்று காலையில் மேஸ்திரியின் மெத்தை மோட்டார் நின்றுபோனது. காற்று மெல்ல இறங்கி, அவர் உடம்பு இரும்புத் தகட்டில் போய் உட்கார்ந்தது. மோட்டார்மேல் நிறுவனம் ஒட்டிய சீட்டு இருந்தது: ‘கோளாறு என்றால் நீங்கள் தொடாதீர்கள். எந்நேரமும் அழையுங்கள்.’ மேஸ்திரியின் மனைவி தொடவில்லை. அழைத்தாள். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள். அலுவலகத்துக்கு அழைத்தாள், அங்கே எடுக்க ஆள் இல்லை, காவலாளிவரை எல்லோரும் கூடத்தில். அவரைப் புரட்டிப் போட அவள் ஒருத்தியால் முடியாது. அக்கம்பக்கத்தில் ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரிக்கு வலிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. வலித்திருந்தால் கத்தியாவது இருப்பார்.

சாயங்காலம் கூடை திரும்பி வந்தது. டூட்டி போனை உயிர்ப்பித்த ஸ்டெப்னியின் முகம் போன போக்கைப் பார்த்த சின்னவள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் பின்னால் ஓடி வண்டியில் ஏறினாள். போய்ப் பார்த்தால், ரோஜா நிறத் தோல் கருநீலமாகியிருந்தது. சில நாளில் அது கிழிந்து, முன்பைவிட ஆழமாகத் திறந்துகொண்டது. இனிமேல் மாதக்கணக்கில் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சக்கர நாற்காலிப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

“நீங்க தொடாதேன்னு சொன்னீங்க, தொடலைம்மா” என்றாள் மேஸ்திரியின் மனைவி.

மைக் சார் பதறத்தான் செய்தார். ஆனால் பதற்றம் தீர்ந்ததும் பேனாவை எடுத்தார். நிறுவனத்துக்கு உதவுகிறவர்களுக்குப் போன அறிக்கையில், தகவல் தொடர்பில் ஒரு சிறிய இடைவெளி என்றும், அன்றைய பொறுப்பாளர் அழைப்பை ஏற்கத் தவறினார் என்றும், இதிலிருந்து நிறுவனம் நிறையக் கற்றுக்கொண்டது என்றும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல அவ்வளவு பெரிய கூடையை ஒரு வரியில் மறைத்துவிட்டார். ஸ்டெப்னியைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, ஸ்டெப்னியும் கேட்கவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சின்னவள் மைக் சாரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள்.

“உக்காருங்கம்மா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். துணை இயக்குநர் பதவிக்கு உங்க பேரைத்தான் சொல்லப் போறேன்.”

“ஸ்டெப்னி அண்ணன் என்ன சார் தப்பு பண்ணாரு?”

“இதுல உணர்ச்சிவசப்படக் கூடாது. இது தனி ஆள் விஷயமே இல்லை. நாம ஓர் அமைப்பு. கத்துக்க வேண்டியது அமைப்பு.”

“அப்போ வேலை போனது அமைப்புக்கா சார், ஆளுக்கா?”

மைக் சார் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “கூடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு எனக்கும் ஞாபகம் இருக்கு. அதை நான் எங்கயும் எழுதலை. யோசிச்சுக்குங்க.”

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். பெரியவள் மெஷினில் இருந்தாள். குப்புறப் படுக்கிறவருக்கு முகம் புதைந்து மூச்சு முட்டாமல் இருக்க, நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்குத்தான். தங்கை திட்டத் திட்டத் தைத்தாள். மைக் சார், பயிற்சியாளர் அம்மா, புல்வெளி, பலகை, எல்லோருக்கும் முறை வந்தது. பெரியவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“எல்லாரையும் சொல்லிட்டே. கூடையை நீட்டுன கையை மட்டும் விட்டுட்டியேடி.”

சின்னவளுக்கு முகம் சிவந்தது. “நீயும் என்னைத்தான் சொல்றியா?”

“நான் எங்க சொன்னேன்? நீதான் சொல்லாம இருக்கே.”

சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையிலும் அக்காவோடு பேசவில்லை. தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். குத்திக்காட்ட வேண்டும் என்று பெரியவள் நினைக்கவில்லை. எரிச்சலில் வந்துவிட்டது. நாள் முழுக்க அவளுக்கு மெஷின் ஓடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வட்டம் கூடியது. நிர்வாகக் குழுவின் தலைவரும் வந்திருந்தார். தொழில் பல் மருத்துவம், எல்லோருக்கும் பல் டாக்டரம்மா. வருடத்துக்கு ஒருமுறை வந்து ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். காவலாளி சொன்னார், கணக்குப் பெண் சொன்னாள், கை தட்டினார்கள். ஸ்டெப்னியின் நாற்காலியை யாரோ எடுத்துவிட்டு வட்டத்தைக் கொஞ்சம் சுருக்கியிருந்தார்கள். சின்னவள் முறை வந்தது. வாயைத் திறந்தால் துணை இயக்குநர் பதவி போகும். இருக்கிற வேலையும் போகலாம். திறக்காவிட்டால் ஸ்டெப்னி திரும்பி வரப்போவதில்லை.

“ஸ்டெப்னி அண்ணன் கையில இருந்த டூட்டி போனை நான்தான் கூடையில போட வெச்சேன்” என்றாள். “அவர் அணைக்கக் கூடாதுன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கும் எல்லாரும் பாக்கறாங்களேன்னு இருந்துச்சு. நீட்டிட்டேன். மேஸ்திரி வீட்டுல அன்னிக்கு முழுக்கக் கூப்பிட்டிருக்காங்க. இப்போ அவர் குப்புறக் கிடக்கிறாரு. எப்போ எழுந்து உக்காருவாருன்னு யாருக்கும் தெரியாது.”

ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்தான். தட். இன்னும் நாலைந்து கைகள் சேர்ந்துகொண்டன. தட்.

“கை தட்டாதீங்க!”

மூன்றாவது தட்டு பாதியில் நின்றது. சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து கிடந்தது.

“ஒரு மனுஷனைக் குப்புறப் போட்டுட்டு வந்திருக்கேன், அதுக்குக் கை தட்டுறீங்க? இது என்ன சர்க்கஸா?”

“அது உங்க தைரியத்துக்கு நாங்க குடுக்கற மரியாதைம்மா” என்றார் மைக் சார்.

“எனக்கு எதுக்கு சார் மரியாதை? மாசா மாசம் இங்க வந்து உக்காந்து, தப்பைச் சொல்லி, தட்டி, கழுவிட்டுப் போறோம். இது என்ன அறையா, குளியலறையா? யாருக்குத் தப்பு பண்ணினோமோ அவங்ககிட்ட ஒரு தடவையாவது போய்ச் சொல்லியிருக்கோமா? நமக்கு நாமே சொல்லி நமக்கு நாமே தட்டிக்கறோம். இங்க பழி இல்லையாம்! அந்தப் பலகைக்குக் கீழ உக்காந்துதானே சார் அந்த அண்ணனை வீட்டுக்கு அனுப்புனீங்க?”

“உக்காருங்க. எதுக்கும் ஒரு முறை இருக்கு.”

“உக்காரமாட்டேன். வட்டத்தை மேஸ்திரி வீட்டுல போடுங்க. நான் சொன்னதை அவர்கிட்ட சொல்லணும். நீங்க சொல்ல வேண்டியதையும் நீங்க அங்க வந்து சொல்லுங்க.”

“இதுக்கெல்லாம் குழுவோட ஒப்புதல் வேணும்மா...”

ஓரத்திலிருந்து பல் டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். “குழுத் தலைவர் நான்தானே? எனக்கு இப்போ வேலை ஒண்ணும் இல்லை. கிளம்பலாம். வண்டியை யார் ஓட்டுறது?”

கணக்குப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: “டிரைவரைத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டோமேம்மா.”

“அப்போ கூப்பிடுங்க. இன்னிக்காவது அவர் போனை எடுக்கறாரா பாப்போம்” என்றார் பல் டாக்டரம்மா.

முதல் மணியிலேயே எடுத்தார்.

மேஸ்திரி இருந்தது ஒற்றை அறை. கட்டில், அடுப்பு, சுவரில் மாட்டிய, மட்டம் பார்க்கும் ரசமட்டக் கோல், அவ்வளவுதான். வட்டமெல்லாம் போட முடியாது. வண்டியில் நெருக்கியடித்து வந்தவர்களில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். மேஸ்திரியின் முகம் வட்டத் தலையணையின் ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்திருந்தது. அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சின்னவள் உட்கார்ந்தாள். பல் டாக்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் மைக் சாரும் உட்கார்ந்தார்.

“வாங்க, வாங்க. முகத்தைக் காட்டாம பேசறேன்னு தப்பா நெனைக்காதீங்க” என்றார் மேஸ்திரி.

சின்னவள் சொன்னாள். அறையில் சொன்ன அதே வார்த்தைகள்தான். மேஸ்திரி கேட்டுக்கொண்டார். பிறகு மைக் சார் தொடங்கினார். “ஓர் அமைப்பா நாங்க இதுலேர்ந்து...”

“அமைப்பு யாருங்க? வந்திருக்காரா?”

வாசலில் நின்ற ஸ்டெப்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

“அந்தப் போனை வைக்கச் சொன்னது யாருங்க?” என்றார் மேஸ்திரி.

“வாங்குனது நான்தான்” என்றாள் சின்னவள்.

“அது தெரிஞ்சுடுச்சு பாப்பா. வைக்கச் சொன்னவரைக் கேக்கறேன்.”

மைக் சார் தரையைப் பார்த்தார். “அது... ஒரு கூட்டு முடிவு.”

மேஸ்திரியின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார். “சாரம் உடைஞ்சப்பவும் எங்க காண்டிராக்டர் இதையேதான் சொன்னாருங்க.”

அப்போதுதான், அதுவரை அடுப்போரம் நின்ற அவர் மனைவி வாயைத் திறந்தாள். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டாள். “தொடாதேன்னு ஒட்டியிருந்தீங்களே. அன்னிக்கு நான் அந்த மோட்டாரைத் தொட்டிருக்கலாமா? ஒயரை ஆட்டிப் பாத்திருந்தா ஓடியிருக்குமோ? என் தப்புதானோன்னு எனக்குத் தூக்கமே வரலைங்க.”

சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அலுவலகத்தில் ஆளாளுக்கு அறிக்கை எழுதி, பாடம் கற்று, கை தட்டி முடித்துவிட்டார்கள். இந்த அம்மாள் மட்டும் இத்தனை நாளாக அத்தனை பேர் பழியையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டு இந்த ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். வந்து ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தினமும் கட்டுப்போட வந்த தனக்கே தோன்றவில்லை.

“உங்க தப்பு இல்லைம்மா” என்றாள். மேஸ்திரியின் மனைவி தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியிலேயே பல் டாக்டரம்மா ஸ்டெப்னியிடம், நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். “இன்னிக்கே வந்துட்டேனேம்மா” என்றார் அவர். மைக் சார் வழி முழுக்கப் பேசவில்லை. அவரோடு இருந்தவர்களுக்கு அது புது அனுபவம். சில மாதங்களில் இதைவிடப் பெரிய நிறுவனத்தில், இதைவிடப் பெரிய அறைக்குப் போய்விட்டார். போகும்போது பேசிய பேச்சில், தன் வாழ்க்கையின் மிகப்பெரிய பாடத்தைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் எளிய மேஸ்திரி என்றார். ஓரிரண்டு கைகள் உயர்ந்தன. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். இறங்கிவிட்டன.

அந்த நாற்காலிக்கு ஆள் தேடினார்கள். பட்டங்களோடு வந்தவர்கள் வண்டி உண்டா, வெளியூர்ப் பயணம் உண்டா என்று கேட்டார்கள். டூட்டி போனை எப்போதும் அணைக்கக் கூடாது, முறை வைத்து இயக்குநரும் எடுக்க வேண்டும் என்று சின்னவள் கொண்டுவந்திருந்த விதியைச் சொன்னதும் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் பல் டாக்டரம்மா சின்னவள் பெயரைச் சொன்னார். குழுவில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். படிப்பு இல்லை என்றார் ஒருவர். வாய் ஜாஸ்தி என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டரம்மா வாக்கெடுப்பு நடத்தினார். சின்னவள் இயக்குநர் ஆனாள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கைதட்டல் நின்றதும் வட்டத்தில் பேச்சும் குறைந்தது. முன்பு ஆளுக்கொரு தவறு வைத்திருந்தவர்கள் இப்போது நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருநாள் கணக்குப் பெண்ணே சொல்லிவிட்டாள்: “உங்க முகத்தைப் பாத்தாலே செஞ்ச தப்பெல்லாம் மறந்துபோகுதுக்கா.” சின்னவள் அதை வீட்டில் வந்து சொல்லி, “நானும் ஒரு மைக் ஆயிட்டேனோ?” என்று கேட்டாள். “மைக் இல்லை, சைரன்” என்றாள் பெரியவள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் வட்டத்தில் கடைசியாகப் பேசப் பழகினாள். கோபம் குறையவில்லை, எங்கே காட்டுவது என்பதில் கொஞ்சம் தேர்ச்சி வந்தது.

ஆனால் மேஸ்திரி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மாள் அதே கேள்வியைக் கேட்டாள். தொட்டிருக்கலாமோ? வாய்வார்த்தை அவளிடம் நிற்கவில்லை. எழுதிக் கொடுக்கிறேன் என்றாள் சின்னவள். குழுவில் இருந்த வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். “வருந்துகிறோம்னு எழுதுங்க. தப்பு எங்களுதுன்னு எழுதாதீங்க. நாளைக்கு கேஸ் போட்டா உங்களைத்தான் பிடிப்பாங்க.”

“பிடிக்கட்டும் சார். பிடிக்க ஒரு ஆள் வேணும்ல? கூட்டு முடிவைப் பிடிச்சா கைக்கு என்ன வரும்?”

அக்கா தங்கை இருவரும் சேர்ந்தே போனார்கள். பெரியவள் தலையணைக்கு மாற்று உறை தைத்திருந்தாள். மேஸ்திரி இன்னும் குப்புறத்தான் கிடந்தார். புண் பாதி மூடியிருந்தது. அவருக்கும் கேட்கும்படி சின்னவள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். போனை அணைத்தது நாங்கள். மோட்டாரைத் தொடாதீர்கள் என்று சொன்னதும் நாங்கள். நாங்கள் சொன்னபடியே நீங்கள் செய்தீர்கள். உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை.

மேஸ்திரியின் மனைவி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கீழ யாரு பேரும் இல்லையே. இதைச் சொல்றது யாரு?”

அதுவரை சின்னவள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே வேறு யாருடைய பெயராவது இருந்தது. அல்லது நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அந்தப் பழக்கத்தில் இதையும் வெறுமனே விட்டிருந்தாள். கட்டில் விளிம்பில் தாளை வைத்தாள். தன் பெயரை முழுசாக, ஓர் எழுத்துகூடக் குறைக்காமல் எழுதினாள்.

“நல்லா இருக்கு. தேதியும் போடும்மா” என்றாள் அந்த அம்மாள்.

போட்டாள். 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.